நெற்று என்னுடையது, புல் உன்னுடையது

இன்று உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, குழாயடியில் கால் கழுவும்போது கணுக்காலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. எறும்பு என்று தட்டிவிட்டேன். மறுபடியும் குத்தியது. புடவையைத் தூக்கிப் பார்த்தால் கரை நெடுகப் புல் விதை. துடைப்பக் குச்சியின் நுனியைச் சீவிப் போட்டது போல மெல்லிசாக, செம்பழுப்பாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். அது விரலில் ஒட்டிக்கொண்டது. விரலை உதறினேன். மறு கையில் ஒட்டிக்கொண்டது. அப்படியே ஈரக் காலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக உன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேனே, அதற்குப் பதில் புடவைக் கரையில் வந்திருக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

போன மாதம் உன் மதினி போன் செய்து நீ போய்விட்டாய் என்று சொன்னபோது, தவறான எண்ணுக்குப் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். உன் காரியத்துக்கும் நான் வரவில்லை. கூட்டத்தில் நின்றால் யார் நிஜமாக அழுகிறார்கள், யார் அடுத்தவரைப் பார்த்து அழுகிறார்கள் என்று என் கண் அலசத் தொடங்கிவிடும். அந்தப் புத்தியோடு உன் முன்னால் வந்து நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் வந்து போன பிறகு, இன்று கிளம்பினேன். ஆட்டோக்காரன் சொன்ன தொகையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ் ஏறினேன்.

கே.கே. நகரில் இறங்கினால் உன் தெரு முழுவதும் குழாய் பதிக்கத் தோண்டிக் கிடந்தது. பக்கத்தில் அந்தக் காலி மனை. கோர்ட்டில் வழக்கு என்று நீ சொல்வாயே, அதே மனைதான். இன்னமும் வழக்கு முடியவில்லை போலிருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி எழும்பியும் அது மட்டும் புல் மண்டிக் கிடக்கிறது. வேலியோரம் உட்கார்ந்திருந்த காவல்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாமா முழிச்சிக்கினு நிக்கிற? அந்தாண்ட பள்ளம் நோண்டி வச்சிகிறாங்க. இப்டிக்கா பூந்து போ, வூடு வந்துரும்" என்றார். பாம்பு இருக்குமா என்று கேட்டேன். "நான் இத்தினி வருசமா இங்கதான் துன்னுட்டுத் தூங்குறேன். என்னை ஒண்ணும் பண்லியே" என்றார். அதை நான் நம்பவில்லை. ஆனாலும் நடந்தேன். உன் வீட்டில் மதினி காபி கொடுத்தார். "ஒங்களப் போலீசுன்னுதான் சொல்லுவா. ஒங்க பேரு வசந்தான்னே எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார். உன் படத்துக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தில் நீ உன் அண்ணன் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பது போலவே சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

உன்னை நான் முதலில் பார்த்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த சந்தில், அந்த மாடி அறையில். தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. மரம், செடி, கொடி எல்லாம் நம் இருவர் பங்கு. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். பதிப்பாளர் என்றுதான் சொல்ல வேண்டும். துணிக்கடைக் குடும்பத்துப் பெண், தி. நகரில் அண்ணனுக்கு இரண்டு மாடிக் கடை, தமிழ் எம்.ஏ. என்று உன்னை அறிமுகப்படுத்தினார். சொந்தக் கடை இருக்கும்போது இவள் ஏன் இந்த ஒட்டடை படிந்த மாடிக்கு வருகிறாள் என்று எனக்கு அன்றே சந்தேகம் தட்டியது. பதிப்பாளருக்கு உளவு சொல்ல வந்தவளோ என்று ஒரு வாரம் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. நீயாகத்தான் டிபன் பாக்ஸைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டாய்.

"ஏட்டி, ஒங்க ஆத்துல எல்லாரும் இப்படித்தான் மொறைப்பீயளா, இல்ல நீ மட்டுந்தானா?"

மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருந்தும் உங்கள் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சு உன்னை விடவில்லை. "ஆத்துல" என்று மட்டும் என்னைக் கேலி செய்ய எடுத்துக்கொண்டாய். நான் சிரித்துவிட்டேன். ஆனால் உன் டிபன் பாக்ஸில் இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நான் உனக்குப் போலீஸ்.

நம் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தப் பதிப்பகத்திலும் அதை நான் கேள்விப்பட்டதில்லை. ஒருத்தி எழுதிய பொருளை மற்றவள் சந்தேகப்பட வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்பார் பதிப்பாளர். மேஜைமேல் பேப்பரை விரித்து, கிடைத்த காய், இலை, புல், முற்றிக் காய்ந்த நெற்று எல்லாவற்றையும் பரப்பி வைப்போம். எழுதியவள் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு பொருளை மட்டும் வாசிப்பாள். கேட்டவள் அதை வைத்துக்கொண்டே மேஜையிலிருந்து சரியான பண்டத்தை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பொருள் நின்றது. எடுக்க முடியாவிட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும். "குழந்தை படிச்சுட்டு நேரா அந்த மரத்துக்கிட்டப் போய் நிக்கணும். நிக்கலைன்னா அது அர்த்தம் இல்லை, வெறும் மசி" என்பார். எனக்கு முந்திய அகராதிக்காரர்கள்மேல் ஒரே எரிச்சல். களைத்துப்போன நாளிலெல்லாம் 'ஒரு வகைப் புல்', 'ஒரு வகைக் காய்' என்று எழுதிவிட்டு அவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள் என்பது என் முடிவு.

வேலையைப் பிரித்துக்கொண்டபோது நீதான் முந்திக்கொண்டாய். "நெத்து ஒனக்கு, புல்லு எனக்கு." எனக்கு உடனே சந்தேகம். புல் எளிதோ என்று யோசித்தேன். யோசித்துப் பார்த்தால் அது தலைகீழ். புளி, முருங்கை, கொன்றை, வாகை, புங்கை எல்லாம் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. மூடிய கதவு மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை, ஒரு தாழ்ப்பாள். உள்ளே எத்தனை அறை, விதை எப்படி, வெடிக்குமா வெடிக்காதா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. புல் அப்படியா? மேஜையில் போட்டால் எல்லாம் ஒரே பச்சைக் குச்சி, மத்தியானத்துக்குள் எல்லாம் ஒரே வாடல் குச்சி. கஷ்டமானதை நீ ஏன் எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. இதில் என்ன சூது என்று பல நாள் தேடினேன்.

ஒரு தடவை கேட்டும் விட்டேன். நீ ஒரு வாகை நெற்றைக் காதருகில் ஆட்டிக்கொண்டே சொன்னாய்: "நெத்துக்கு அர்த்தம் உள்ள கெடக்கு, வசந்தா. ஒடைச்சாத் தெரிஞ்சிரும். புல்லுக்கு வெளியிலல்லா கெடக்கு. நாமதான் அது கிட்டப் போவணும்." சும்மா அழகாகப் பேசுகிறாய் என்று நினைத்தேன். அழகாகப் பேசுகிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த புல்லோ, கட்டாக வருவது. அருகம்புல் கோயில் வாசலில் வாழை நாரால் கட்டி வரும். தர்ப்பை வாத்தியார் பையில் வரும். வெட்டிவேர் நாட்டுமருந்துக் கடையில் சுருட்டி வரும். நடக்கிற புல் என்று ஒன்றை நான் அறிந்ததில்லை. மயிலாப்பூரில் நடைபாதை, அதற்கப்புறம் பஸ், பஸ்ஸைவிட்டு இறங்கினால் மறுபடி நடைபாதை. மண்ணில் கால் படுவது மழைக்காலத்தில்தான், அதுவும் திட்டிக்கொண்டே.

நீ கே.கே. நகரிலிருந்து வருவாய். வந்ததும் உடனே நாற்காலியில் உட்கார மாட்டாய். ஜன்னலோரம் நின்று சேலைக் கரையைக் கையில் பிடித்துக்கொண்டு எதையோ பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டுக்கொண்டிருப்பாய். தினமும். வேலையைத் தள்ளிப் போட இது ஒரு வழி என்று நான் தீர்மானித்திருந்தேன். சில நாள், துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு நூல் பிரிகிற சேலையா என்றும் தோன்றியிருக்கிறது. என்ன பிடுங்குகிறாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். காபிப் பொடியில் சிக்கரி எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே பல நாள் மூலையில் இருந்தது. அது வந்த பிறகு இரண்டு பேருக்குச் சம்பளம் தர முடியாது என்று பதிப்பாளர் கைகளைப் பிசைந்தார். "அடுத்த மாசத்திலேர்ந்து ஒருத்தர்தான். யாரை அனுப்பறதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. வேலையே சொல்லட்டும். நாளைக்கு நெத்தையும் புல்லையும் வெச்சுப் பாத்துடுவோம். யார் எழுதினது நிக்கறதோ அவா இருக்கட்டும்."

உனக்கு என் நிலைமை தெரியும். ஈக்காட்டுத்தாங்கலில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை அந்த வருஷம்தான் மூடியிருந்தார்கள். அவர் காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார். எனக்கும் உன் நிலைமை தெரியும். வேலை போனால் மறுநாளே உன் அண்ணன் உன்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிடுவார். "கல்லாவில உக்காந்தா நாளெல்லாம் சிரிக்கணும் வசந்தா. சிரிச்சுச் சிரிச்சே எனக்கு வாய் கோணிரும்" என்று நீ சொன்னது கேலிக்கு இல்லை. புல்லுக்குப் பொருள் எழுதுகிற நேரத்தில் மட்டும்தான் உன் முகத்தில் சிரிப்பு இருக்காது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்த முகத்தைத்தான் நான் நம்பினேன்.

மறுநாள் முதலில் நெற்று. பொருளை வாசிக்கும்போது என் கண் அந்தப் பண்டத்தின்மேல் போய்விடுகிறது, நீ அதைப் பார்த்துத்தான் எடுக்கிறாய் என்று எனக்கு நீண்ட நாளாகவே ஒரு சந்தேகம். அதனால் அன்று மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "குழல் போல நீண்டு, உள்ளே தட்டுத் தட்டாக அறை பிரிந்து, முற்றினால் கறுப்பது." கண்ணைத் திறந்தால் உன் கையில் சரக்கொன்றை. "தட்டையாக, வைக்கோல் நிறமாக, காற்றடித்தால் மரத்திலிருந்தபடியே கலகலப்பது." வாகை. எல்லாவற்றையும் எடுத்தாய். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை.

அடுத்தது புல். அருகு எடுத்தேன். கோரை எடுத்தேன். பாய்க்குக் கிழிக்கிற தண்டு என்று நீ எழுதியிருந்ததால் தப்பித்தேன். கடைசிச் சீட்டை எடுத்து, சொல்லைக் கையால் மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் வாசித்தாய். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

"கடந்து போகிறவரின் துணியில் ஏறிக்கொண்டு, கேட்காமலே அவர் வீடுவரை போகும் புல்."

மேஜையில் மூன்று புல் மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீடுவரை போவது என்றால் யாராவது அறுத்து எடுத்துப் போவதாக இருக்கும் என்று நினைத்து, வெள்ளைக் கொண்டை வைத்த உயரமான புல்லை எடுத்தேன். உன் கை பக்கத்தில் கிடந்த மொட்டைத் தண்டின்மேல் போய் நின்றது. அதில் ஒரு விதைகூட இல்லை. பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெத்து நின்னுடுத்து. புல் நிக்கலை" என்றார்.

படிக்கட்டில் உன்னை மறித்துக்கொண்டேன்.

"வேணும்னே தோத்தியா? நிஜத்தைச் சொல்லுடி. எனக்குப் பிச்சை போட்டியா?"

"நா எழுதினது சரியாத்தான் இருக்கு, போலீசு. நீதான் எடுக்கல."

"அது ஒரு அர்த்தமா? கதை மாதிரி எழுதிட்டு, எடுக்கலைங்கறயா?"

நீ கீழ்ப்படிக்குப் போய் நின்றுகொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாய். "ஒரு நா வீட்டுக்கு வாயேன். பஸ்ஸில வா. ஆட்டோல வந்து வாசல்ல எறங்கிராத." அவ்வளவுதான் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டது ஒன்று, நீ சொல்வது பஸ் ரூட்டு. பேச்சை மாற்றுகிறாய் என்பதே எனக்குப் போதிய சாட்சியாக இருந்தது.

அகராதி வெளிவந்தது. உன் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதும்படி பதிப்பாளர் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் புல்லைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அச்சுக்குப் போகிற அவசரத்தில் அவரே பேனாவை எடுத்து, 'ஒட்டுப்புல்: ஒரு வகைப் புல்' என்று எழுதிவிட்டார். பெயரைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒட்டி ஒட்டி முளைக்கும் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் கடைக்கு வந்தேன். புடவை வாங்க என்று வீட்டில் சொல்வேன். உன்னை விசாரிக்கத்தான் வந்தேன். கூட்டம் நெரியும். நீ கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாய். உன் வாய் கோணவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு உதட்டைக் கடிப்பாய். பில் போடும் இடைவெளியில் குனிந்து கேட்பேன்: "இப்பவாவது சொல்லு. வேணும்னேதானே?" நீ பையை நீட்டிக்கொண்டே, "பஸ்ஸில வா" என்பாய். உன் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தேன், உன் அண்ணன் பெண் கல்யாணத்துக்கும் உனக்கு உடம்பு முடியாமல் போனபோதும். இரண்டு தடவையும் ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கினேன். நீ என் புடவைக் கரையைப் பார்த்துவிட்டு, "ம்ஹும்" என்றாய். என் புடவை பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து உள்ளுக்குள் கோபப்பட்டேன்.

நான் அந்த மாடியிலேயே பல வருஷம் வேலை பார்த்தேன். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான். ஒவ்வொரு மாதமும் சம்பளக் கவரை வாங்கும்போது, இது எனக்கு வந்ததா அல்லது நீ விட்டுக் கொடுத்ததா என்று ஒரு நொடி கை நிற்கும். உன்மேல் எனக்கு இருந்த பிரியத்துக்குள்ளேயே அந்தக் கோபமும் இருந்தது. என்னைக் கேட்காமல் எனக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்ற கோபம்.

இப்போது உட்கார்ந்து கரையைப் பார்க்கிறேன். ஒரு விதையைப் பிடுங்குகிறேன். என் கை செய்வது எனக்கு ஏற்கெனவே தெரிந்த காரியமாக இருக்கிறது. ஜன்னலோரம் நின்று, கரையைப் பிடித்து, இரண்டு விரலால் கிள்ளி, உதறி. அப்படியே நீ.

நீ தோற்க எழுதவில்லை. நான் தினம் தினம் கண்ணெதிரே பார்த்த ஒன்றை எழுதினாய். மேஜையில் அந்தத் தண்டு மொட்டையாகக் கிடந்ததே, அதன் விதையெல்லாம் அதற்குள் உன் சேலையில் ஏறிவிட்டிருந்தது. யாருக்குத் தெரியாவிட்டாலும் போலீசுக்குத் தெரியும், இவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று நம்பி எழுதினாய். உன் வேலையை என் சந்தேகத்தை நம்பி மேஜையில் வைத்தாய். நான் சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் சந்தேகப்படாமல் போனேன். அதை நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்தச் சம்பளத்தை எப்படி வாங்கியிருப்பேன்? அதனால்தான் சொல்லவில்லை. ஆனால் உன் பொருள் சரி என்பதையும் உன்னால் விட முடியவில்லை. அதனால்தான் பஸ்ஸில் இறங்கி அந்தக் காலி மனைப் புல்லுக்குள் நடந்து வரட்டும் என்று, பஸ்ஸில் வரச் சொல்லிக்கொண்டே இருந்தாய். சொல்லைக் கையால் மூடிக்கொண்டு பொருளை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறாய், கல்லாவில் உட்கார்ந்தபடி, இத்தனை வருஷம்.

எனக்கு அழுகை வருகிறதடி. யாரும் பார்க்காத இடத்தில் வருவதால் இது நிஜம் என்று நானே நம்புகிறேன்.

சரி, எடுத்துவிட்டேன். மேஜையிலிருந்து அல்ல, என் புடவையிலிருந்து. இந்தப் புல்தான். கேட்காமலே என் வீடுவரை வந்துவிட்டது. உன் பொருள் நின்றது.

நாளைக் காலை வேலைக்காரப் பெண் வருவாள். கண்ணில் பட்டதையெல்லாம் சோப்பில் முக்குகிறவள். தொடாதே என்று சொன்னால் தொடமாட்டாள்தான், ஆனாலும் அவளை நான் நம்பவில்லை. புடவையை விதையோடு மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.